இம்பிளாண்ட்டைச் சுற்றி எலும்பு வளர: வளர்ச்சிக் காரணிகள் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

பல் இம்பிளாண்ட் வைக்கும்போது நோயாளியின் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, கிடைக்கும் மஞ்சள் நிற ஃபைப்ரின் கட்டியை எலும்பில் வைப்பது பல கிளினிக்குகளில் வழக்கமாகிவிட்டது. "இதை வைத்தால் எலும்பு சீக்கிரம் பிடிக்கும்" என்று நோயாளியிடம் சொல்கிறோம். அதில் உண்மை இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. வளர்ச்சிக் காரணிகள் முதல் சில வாரங்களின் வேலையை முன்கூட்டித் தொடங்கிவைக்கும், ஈறை நன்றாக ஆற வைக்கும். அசையும் இம்பிளாண்ட்டையும் சூட்டில் செத்த எலும்பையும் சீழ் மிச்சமிருக்கும் குழியையும் அவற்றால் காப்பாற்ற முடியாது. கருவி விற்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை என்பதால் அதை இங்கே விரிவாகவே எழுதுகிறோம்.

டிரில் எலும்பைத் துளைக்கும்போதே ரத்த நாளங்கள் அறுந்து குழி ரத்தத்தால் நிரம்புகிறது. தட்டணுக்கள் வெளிப்பட்ட கொலாஜனைத் தொட்டதும் தூண்டப்பட்டு, ஆல்ஃபா துகள்களுக்குள் சேர்த்துவைத்திருந்த வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களை வெளியே கொட்டுகின்றன. பிடிஜிஎஃப் சுற்றியுள்ள ஸ்டெம் செல்களை அழைத்துப் பெருக வைக்கும். விஇஜிஎஃப் புது ரத்த நாளங்களை முளைக்க வைக்கும். டிஜிஎஃப்-பீட்டா கொலாஜன் சட்டகத்தை இடச் செய்யும். வந்து சேர்ந்த செல்லை எலும்பாக்கும் செல்லாக மாற்றுவது மட்டும் முக்கியமாக பிஎம்பி-2 போன்ற புரதங்களின் வேலை. தட்டணுக்களில் அது மிகக் குறைவு. பெரும்பங்கு எலும்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பை அரிக்கும்போதுதான் வெளியே வரும்.

இந்த வேறுபாடு முக்கியம். 1965-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்து, அங்கே புது எலும்பு உருவானதைக் காட்டினார். பின்னாளில் பிஎம்பி என்று பெயர் பெற்ற புரதங்களின் ஆற்றல் அது. (அதே 1965-இல்தான் ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனெமார்க் தம் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்பிளாண்ட் வைத்தார். இரண்டு துறைகளும் ஒரே ஆண்டில் தொடங்கின, சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.) ரத்தத்திலிருந்து எடுக்கும் பிஆர்பி (தட்டணு செறிந்த பிளாஸ்மா), பிஆர்எஃப் (தட்டணு செறிந்த ஃபைப்ரின், தொடக்கத்தில் சொன்ன மஞ்சள் கட்டி) இரண்டுக்கும் எலும்பே இல்லாத இடத்தில் எலும்பை உண்டாக்கும் ஆற்றல் கிடையாது. பக்கத்தில் உயிருள்ள எலும்புச் சுவரும் அதிலிருந்து வரும் செல்லும் ரத்தமும் இருந்தால் அவை அந்த வேலையை விரைவுபடுத்தும். கொத்தனாரும் கல்லும் வராத மனையில் மேஸ்திரி மட்டும் நின்று குரல் கொடுத்தால் சுவர் எழும்பாது.

முதல் ஆறு வாரம்

இம்பிளாண்ட்டை இறுக்கியதும் கிடைக்கும் பிடிப்பு வெறும் இயந்திரப் பிடிப்பு. அந்தப் பழைய எலும்பின் விளிம்பு அரிக்கப்பட அரிக்கப்பட, பிடிப்பு குறைந்துகொண்டே வரும். புது எலும்பின் பிடிப்பு மெல்ல ஏறும். இரண்டும் கடக்கும் 2 முதல் 4 வாரம் வரையிலான காலத்தில் இம்பிளாண்ட் மிகப் பலவீனமாக இருக்கிறது. வளர்ச்சிக் காரணிகளால் ஏதாவது ஆதாயம் உண்டென்றால் இந்தப் பள்ளத்தை ஆழம் குறைப்பதில்தான்.

இம்பிளாண்ட் பரப்பு பற்றிய ஓர் ஆய்வு இதைத் தெளிவாகப் புரியவைக்கும். சாதாரண எஸ்எல்ஏ பரப்பையும் (துகள் வீசி, அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கியது) நீரை ஈர்க்கும் வகை எஸ்எல்ஏ பரப்பையும் மனிதர்களிடமே ஒப்பிட்டார்கள். எலும்பு நேரடியாகத் தொட்ட அளவு 2 வாரத்தில் முறையே சுமார் 12, 15 சதவீதம். 4 வாரத்தில் சுமார் 32, 48 சதவீதம். 6 வாரத்தில் இரண்டுமே சுமார் 62 சதவீதம். இடைவெளி நடுவில் விரிந்து, கடைசியில் மூடிக்கொண்டது. பிஆர்எஃப் சேர்த்து வைத்த இம்பிளாண்ட்டுகளிலும் இதே சாயலைப் பார்க்கிறோம்: முதல் மாதத்தில் ஐஎஸ்க்யூ எண் (இம்பிளாண்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதன் அளவு) சற்றுக் கூடுதலாக இருக்கும், சில மாதம் கழித்து வித்தியாசம் தேய்ந்துவிடும். ஆகவே நன்றாக இறுகிய, கெட்டியான எலும்பில் வைத்த, மூன்று மாதம் காத்திருக்கப் போகிற இம்பிளாண்ட்டுக்கு இது பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. அந்த நோயாளியிடம் தேவையில்லாமல் ரத்தம் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பிஆர்எஃப் செய்யும்போது கெட்டுப்போகும் இடங்கள்

பழைய முறையான பிஆர்பி-யில் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்த்து, சுற்றி, பிறகு கால்சியம் குளோரைடும் த்ராம்பினும் சேர்த்து உறைய வைப்பார்கள். தூண்டியதும் சேர்த்துவைத்த காரணிகளில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். 2001-இல் பிரான்சில் ஷுக்ரூன் அறிமுகப்படுத்திய பிஆர்எஃப் முறையில் எந்த மருந்தும் சேர்ப்பதில்லை. ரத்தம் சுற்றும்போதே தானாக உறைந்து, ஃபைப்ரின் வலைக்குள் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் சிக்கிக்கொள்கின்றன. காரணிகள் ஒரு வாரத்துக்கும் மேலாகச் சிறுகச் சிறுகக் கசியும்.

மருந்து சேர்க்காததால் நேரம்தான் எல்லாம். ஊசி நரம்பில் ஏறிய நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. 9 அல்லது 10 மி.லி. குழாய்களை நிரப்பி, ஒன்றரை நிமிடத்துக்குள் சுற்றத் தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் ரத்தம் குழாய்க்குள் பரவலாக உறைந்துவிடும். மேலே நல்ல கட்டிக்குப் பதிலாகச் சிவப்பு கலந்த, கையில் எடுத்தாலே பிய்யும் கூழ் கிடைக்கும். அப்படிக் கிடைத்தால் அதைப் பயன்படுத்த முயலாதீர்கள், மறுபடி எடுங்கள். 21 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி, முழங்கை மடிப்பிலுள்ள பெரிய சிரை, பக்கத்திலேயே மூடி திறந்து தயாராக நிற்கும் சென்ட்ரிஃபியூஜ், எதிரெதிர்ச் சமநிலைக்கு அதே எடையில் தண்ணீர் நிரப்பிய ஒரு குழாய்: இவை எல்லாம் ஊசி குத்துவதற்கு முன்பே மேசையில் இருக்க வேண்டும். நரம்பு கிடைக்காமல் ரத்தம் சொட்டுச் சொட்டாக வருகிறதென்றால் அந்தக் குழாயை ஒதுக்கிவிடுவது நல்லது.

குழாய் கண்ணாடியாகவோ சிலிக்கா பூசியதாகவோ இருக்க வேண்டும். அந்தப் பரப்பு தொட்டால்தான் உறைதல் தொடங்கும். பூச்சில்லாத பிளாஸ்டிக் குழாய் உறைதலைத் தாமதப்படுத்தும். திரவ பிஆர்எஃப் வேண்டும்போது அதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். இந்த இரண்டும் மாறிப்போனால், கட்டி வேண்டிய நேரத்தில் திரவமும், திரவம் வேண்டிய நேரத்தில் கட்டியும் கையில் இருக்கும்.

அடுத்தது வேகம். முதலில் வந்த முறை 2700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2700 சுற்று), 12 நிமிடம். பின்னர் வந்தவை 1500-இல் 14 நிமிடம், 1300-இல் 8 நிமிடம். திரவத்துக்கு 700-இல் 3 நிமிடம். வேகம் குறையக் குறைய, செல்கள் அடியில் போய்ப் படியாமல் மஞ்சள் பகுதியிலேயே அதிகம் தங்கும். ஆனால் ஆர்பிஎம் எண்ணை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு வேறு கருவியில் சுற்றுவது சரியல்ல. செல்லின் மீது விழுவது ஜி-விசை. அதைக் கணக்கிட, சுழற்சி ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்-இன் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்க வேண்டும். ஆரம் 8 செ.மீ. உள்ள கருவியில் 2700 என்பது சுமார் 650 ஜி, 11 செ.மீ. உள்ளதில் சுமார் 900 ஜி. பொத்தானில் ஒரே எண், கிடைப்பது வேறு பொருள். கருவி வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை ஆரத்தை அளந்து இந்தக் கணக்கைப் போட்டு அட்டையில் எழுதி ஒட்டுவது.

சுற்றி முடிந்ததும் குறைந்த வேகக் குழாய்களை மூடி திறந்து சில நிமிடம் நிற்க விட்டால் கட்டி இறுகும். இடுக்கியால் மேலே தூக்கி, சிவப்புப் பகுதியை வெட்டி விலக்கும்போது, கட்டியோடு ஒன்றிரண்டு மி.மீ. சிவப்பை விட்டுவைக்க வேண்டும். தட்டணுக்களும் வெள்ளணுக்களும் அந்த எல்லையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. சுத்தமாக இருக்கட்டும் என்று மஞ்சள் வரை மழித்தால் சத்தை மழித்த மாதிரி. பிறகு துளைத் தட்டுள்ள பெட்டியில் வைத்து எடைத் தட்டால் அழுத்தினால் ஏறக்குறைய 1 மி.மீ. கனமுள்ள ஜவ்வு கிடைக்கும். துணியில் வைத்துப் பிழியக் கூடாது. அடியில் வடியும் நீரிலும் காரணிகள் உண்டு. கிராஃப்ட் தூளை (வெற்றிடத்தை நிரப்ப வைக்கும் எலும்புத் துகள்) நனைக்க அதைப் பயன்படுத்தலாம். ஜவ்வு மூடிய பெட்டியில் ஈரமாக இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும், திறந்த தட்டில் காய்ந்து சுருங்கிவிடும்.

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் கட்டி தாமதமாக, தளர்வாக உருவாகும். ஹீமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அதிகமுள்ளவர்களுக்குக் கட்டி சிறியதாக இருக்கும். அவர்களிடம் ஒரு குழாய் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது

இம்பிளாண்ட் குழிக்குள் ஜவ்வைத் திணித்துவிட்டு மேலே இறுக்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இறுக்கமான குழியில் அது எலும்புக்கும் டைட்டானியத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், டார்க்கையும் (இறுக்கும் திருப்பு விசையையும்) கூட்டாது. திரவ பிஆர்எஃப்-இல் இம்பிளாண்ட்டை நனைத்து வைத்தால் போதும். அதுவும் இல்லையென்றால் குழியில் ஊறும் ரத்தமே நல்லது. சக்‌ஷனால் அந்த ரத்தத்தை உறிஞ்சி, எச்சில் பட்ட இம்பிளாண்ட்டை வறண்ட குழியில் இறக்குவதுதான் உண்மையான இழப்பு.

பல் எடுத்த கையோடு இம்பிளாண்ட் வைக்கும்போது உதட்டுப் பக்க எலும்புச் சுவருக்கும் இம்பிளாண்ட்டுக்கும் இடையே வெளி இருக்கும். அது 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் கிராஃப்ட் தேவை. இங்கே பிஆர்எஃப் நன்றாக உதவும்: ஜவ்வைப் பொடியாக வெட்டி, அரை கிராம் கிராஃப்ட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு ஜவ்வு என்ற கணக்கில் கலந்து, திரவ பிஆர்எஃப்-ஐ ஊற்றினால் சில நிமிடத்தில் ஒட்டும் பிண்டமாகிவிடும். துகள் சிதறாது, வைத்த இடத்தில் நிற்கும். எலும்பு வளர்வதற்கு இந்த நிலைத்தன்மை காரணிகளுக்குச் சமமான உதவி என்பது எங்கள் மதிப்பீடு.

கிராஃப்ட் இல்லாமல் பிஆர்எஃப் மட்டும் நிரப்பினால் 10 முதல் 14 நாளில் கரைந்துவிடும். மெல்லிய உதட்டுப் பக்கச் சுவரை அதனால் தாங்கிப் பிடிக்க முடியாது. அதே காரணத்தால் எலும்பு வளர்க்கும் சிகிச்சையில் கொலாஜன் மெம்பிரேனுக்கு மாற்றாகவும் அதை வைக்கக் கூடாது. ஈறு செல்கள் உள்ளே புகாமல் தடுக்க வேண்டிய காலம் வாரக்கணக்கு. பிஆர்எஃப் அதற்குள் போய்விடும். கொலாஜன் மெம்பிரேனுக்கு மேலே, ஈறு மடலுக்குக் கீழே வைத்தால் ஈறு விரைவாக மூடும். தையல் பிரிந்து கிராஃப்ட் வெளியே தெரிவது எலும்பு இழப்பதற்கான பெரிய காரணம் என்பதால், அந்தப் பயன்பாட்டை உயர்வாகவே மதிக்கிறோம். சைனஸ் லிஃப்டில் (மேல்தாடைச் சைனஸின் சவ்வை உயர்த்தி அடியில் எலும்பு வளர்ப்பது) அந்தச் சவ்வில் 5 மி.மீ.க்குக் குறைந்த கிழிசலை மடித்த ஜவ்வால் மூடலாம்.

இன்னொரு வளர்ச்சிக் காரணிச் சேமிப்பு பலர் கண்ணுக்கு முன்னாலேயே வீணாகிறது: டிரில்லில் சிக்கும் எலும்புத் தூள். கடைசி டிரில்களை 50 ஆர்பிஎம் அளவில், தண்ணீர் இல்லாமல் மெதுவாக ஓட்டினால் உயிருள்ள சொந்த எலும்பு டிரில்லின் பற்களில் சேரும். உலர விடாமல் ரத்தத்திலோ சலைனிலோ போட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் அந்தத் திரவத்தில் டிஜிஎஃப்-பீட்டா கசிந்திருக்கும். திரவத்தையும் கொட்டிவிடாமல் கிராஃப்ட் நனைக்கப் பயன்படுத்தலாம். எந்தச் செலவும் இல்லை, தனி ஊசி இல்லை.

அதிகம் போட்டால் அதிகம் வளராது

முயல்களில் இம்பிளாண்ட்டைச் சுற்றிப் பிஆர்பி வைத்துப் பார்த்தபோது, ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் தட்டணுக்கள் உள்ளபோது எலும்பு நன்றாக வளர்ந்தது. இயல்பு ரத்தத்தில் ஒன்றரை முதல் நான்கு லட்சம். அந்த 10 லட்சத்துக்குக் கீழே பலன் குறைந்தது. பல மடங்கு மேலே போனபோது வளர்ச்சி தடைப்பட்டது. செயற்கையாகத் தயாரித்த பிடிஜிஎஃப்-ஐ பீட்டா-டிசிபி என்ற கால்சியம் பாஸ்பேட் துகளோடு ஈறு நோய்க் குழிகளில் சோதித்தபோதும், மி.லி.க்கு 0.3 மி.கி. கொடுத்த குழு 1 மி.கி. கொடுத்த குழுவைவிட நன்றாக ஆறியது. 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அந்த 0.3 அளவுதான்.

பிஎம்பி-2 வலிமையானது, ஆகவே கவனமும் அதிகம் கேட்கும். கொலாஜன் ஸ்பாஞ்சில் ஊறவைத்துப் பயன்படுத்த, சைனஸ் லிஃப்டுக்கும் பல் பிடுங்கிய குழிக் குறைபாட்டுக்கும் அமெரிக்காவில் 2007-இல் அனுமதி கிடைத்தது. செறிவு மி.லி.க்கு 1.5 மி.கி. உடலில் இந்தப் புரதம் நானோகிராம் அளவில் வேலை செய்கிறது; ஸ்பாஞ்சிலிருந்து வேகமாக வெளியேறிவிடுவதால் இவ்வளவு அதிகமாக வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்பாஞ்ச் முழுவதும் சீராகப் படும்படி திரவத்தை விட்டு, குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள்தான் புரதம் கொலாஜனில் பிணையும். இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துவிட வேண்டும். ஸ்பாஞ்சைப் பிழியக் கூடாது, வைத்த பிறகு அந்த இடத்தைச் சலைனால் கழுவக் கூடாது. இரண்டிலும் மருந்து சக்‌ஷன் பாட்டிலுக்குப் போகும்.

ஸ்பாஞ்ச் மெத்தென்றிருப்பதால் ஈறின் அழுத்தத்தில் நசுங்கும். நசுங்கிய உயரத்துக்குத்தான் எலும்பு வரும். சுவர் இல்லாத இடத்தில் டைட்டானியம் மெஷ்ஷோ முட்டுக்கொடுக்கும் ஸ்குரூவோ கட்டாயம். முகம் நன்றாக வீங்கும் என்பதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தொற்று என்று பயந்து ஓடி வருவார்கள். கர்ப்பிணிகள், எலும்பு வளர்ச்சி முடியாத வயதினர், அந்த இடத்தில் புற்றுநோய் உள்ளவர்கள் அல்லது ட்யூமர் அகற்றப்பட்டவர்கள், மாட்டுக் கொலாஜன் ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்கு இது கூடாது.

காரணியால் ஈடுகட்ட முடியாதவை

எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிப்பு தொடங்கும். மழுங்கிய டிரில், விடாமல் ஒரே அழுத்தம், தண்ணீர் குழியின் அடிவரை போகாதது ஆகியவையே வழக்கமான காரணங்கள். 800 முதல் 1200 ஆர்பிஎம், ஏற்றி இறக்கித் துளைத்தல், குளிர்ந்த சலைன். கீழ்த்தாடை முன்பகுதி போன்ற கெட்டியான எலும்பில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. அங்கே டார்க் 50 நியூட்டன் சென்டிமீட்டரைத் தாண்டினால் மேலும் இறுக்காமல், திருப்பி எடுத்து, குழியைச் சற்று அகலப்படுத்த வேண்டும். நசுங்கிய எலும்புக்குச் செல்களே வராது, காரணி யாரை அழைக்கும்?

அசைவு அதைவிடக் கொடியது. இம்பிளாண்ட் 100 மைக்ரான் அளவுக்கு மேல் மறுபடி மறுபடி அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும். ஒரே வளர்ச்சிக் காரணிகள், ஒரே செல்கள், விளைவு மட்டும் வேறு. மேல்தாடைப் பின்பகுதியின் மென்மையான எலும்பில் டார்க் 20-க்குக் கீழே நின்றால், பிஆர்எஃப் வைத்த தைரியத்தில் அன்றே தற்காலிகப் பல் மாட்டாதீர்கள். மூடித் தையல் போட்டுக் காத்திருங்கள்.

புகைபிடிப்பவர் அறுவைக்கு ஒரு வாரம் முன்பும் எட்டு வாரம் பின்பும் நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் நாளங்களைச் சுருக்கும்போது விஇஜிஎஃப் கொடுத்துப் பயனில்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8-ஐத் தாண்டியவரைச் சர்க்கரை கட்டுப்படும் வரை தள்ளிப்போடுகிறோம். வைட்டமின் டி குறைவை முன்பே சரிசெய்துவிடுகிறோம். வலி மாத்திரைகளில் ஐபுபுரோஃபென் வகையை ஓரிரு நாளோடு நிறுத்தி பாராசிட்டமாலுக்கு மாறச் சொல்கிறோம். ஆறுதலின் தொடக்கத்துக்குத் தேவையான புரோஸ்டாகிளாண்டினை அவை தடுக்கின்றன. எலும்பு அரிப்பைத் தடுக்கும் பிஸ்பாஸ்பனேட், டெனோசுமாப் மருந்துகளை எடுப்பவர்களிடம் முடிவு செய்வதற்கு முன் மருந்து எழுதிய மருத்துவரோடு பேசியாக வேண்டும். எலும்பை அரித்துப் புதுப்பிக்கும் சுழற்சியே அங்கே மந்தமாகியிருக்கிறது.

பல் எப்போது மாட்டுவது என்பதைப் பிஆர்எஃப் வைத்தோமா இல்லையா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஐஎஸ்க்யூ-வைப் பாருங்கள். வைத்த அன்று ஒரு முறை, 8 வாரத்தில் ஒரு முறை. 70-க்கு மேல் இருந்தால் துணியலாம், 60-க்குக் கீழே இருந்தால் பொறுக்க வேண்டும். 3-ஆம் வாரத்தில் அளந்து எண் இறங்கியிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். அது முன்பு சொன்ன பள்ளம்.

பிஎம்பி-2 வைத்த இடத்தை எக்ஸ்ரேயில் முதல் சில மாதம் பார்த்தால் கறுப்பாகவே தெரியும். ஸ்பாஞ்சில் தாது இல்லை, புது எலும்பிலும் தாது ஏறக் காலமாகும். சைனஸில் ஏறக்குறைய 6 மாதம் விட்டுத் திறக்கும்போதும் அந்த எலும்பு பழைய எலும்பைவிட மென்மையாக, ரத்தம் ஊறியதாக இருக்கும். கடைசி டிரில்லை ஒரு சைஸ் குறைத்தே நிறுத்துங்கள். இம்பிளாண்ட் தானே வழி செய்துகொண்டு இறுகும்.